சுவரில் ஓர் ஆணி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சில ஆண்டுகளாக உங்களை வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. என் மகளுக்கு 15 வயது. வரும் மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறாள். படிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் வரைந்துகொண்டே இருக்கிறாள். பெரும்பாலும் ஜப்பானிய அனிமே பாத்திரங்களைப் பார்த்து வரைவதுதான். இதையெல்லாம் கலை என்று எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. மே மாதக் கடைசியில் நான்கு நாட்கள் அவளை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போக நானும் கணவரும் பணம் சேர்த்து வைத்திருக்கிறோம். பாரிஸா, ஆம்ஸ்டர்டாமா என்பதுதான் என் கேள்வி. கணவர் இரண்டு ஊர்களுக்கும் அட்டவணை போட்டிருக்கிறார், இணைத்திருக்கிறேன். எந்த ஊரானாலும் ஒன்பது அருங்காட்சியகங்கள் வருகின்றன. அதைப் பார்த்த மகள், "இவ்வளவு வேண்டாம்மா, ஒன்றிரண்டு போதும்" என்றாள். இத்தனை செலவு செய்யும்போது இப்படிச் சொல்கிறாளே என்று மனம் கஷ்டப்பட்டது. நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? விசாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது? பிற்பாடு டிசைன் கல்லூரியில் சேர இந்தப் பயணம் உதவுமா என்றும் கணவர் கேட்கச் சொன்னார். உள்ளூரில் அவள் எழும்பூர் மியூசியத்துக்கு ஒரே ஒரு முறை, ஐந்தாம் வகுப்பில் பள்ளியில் கூட்டிப்போனபோது போயிருக்கிறாள்.

வி., நங்கநல்லூர்

அன்புள்ள வி.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் வேறு ஒரு காரணத்துக்காக இதே விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே பதில் எழுதுகிறேன். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒரே அளவில் பதில் சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இரண்டு ஊர்களிலும் இந்திய உணவகங்கள் உண்டு, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பழமும் எங்கும் கிடைக்கும். நான்கு நாட்கள் தயிர்சாதம் இல்லாமல் இருப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடை நெரிசலுக்கு முன் விண்ணப்பித்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் இவ்வளவு போதும்.

கணவர் போட்ட அட்டவணையை வரி விடாமல் படித்தேன். பாரிஸ் பக்கத்தில் திங்கட்கிழமை காலை ஒர்சே, செவ்வாய்க்கிழமை காலை லூவர் என்று போட்டிருக்கிறார். ஒர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, லூவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கூட்டிப்போகிற இடத்தின் கதவு என்றைக்குத் திறந்திருக்கும் என்றுகூடப் பார்க்காமல் ஒன்பது பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றரை மணி நேரம், ஒன்றே முக்கால் மணி நேரம் என்று கணக்கும் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. அன்பினால்தான் போட்டார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் லூவரில் மட்டும் ஏறத்தாழ 35,000 பொருட்கள் பார்வைக்கு இருக்கின்றன. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அங்கே செய்யக்கூடியது ஒன்றுதான்: 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் உள்ள மோனாலிசாவை முந்நூறு தலைகளுக்கு மேலாகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வெளியே வருவது. அதற்கு ஒரு பதினைந்து வயதுப் பெண்ணைப் பாதி உலகம் தாண்டி அழைத்துப் போக வேண்டுமா?

உங்கள் மகள் ஒன்றிரண்டு போதும் என்று சொன்னாளே, அதைக் கேட்டு உங்கள் மனம் கஷ்டப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மகிழ்ந்திருக்க வேண்டும், வி. வரைகிறவளுக்குத்தான் அது தெரியும். ஒரு கையை வரைய எவ்வளவு நேரம் ஆகிறது, ஒரு விரலின் மடிப்பு சரியாக விழ எத்தனை தடவை அழிக்க வேண்டியிருக்கிறது என்று அறிந்தவள், ஒரு நாளில் எத்தனை படங்களைத் தன் கண் தாங்கும் என்பதையும் அறிந்திருக்கிறாள். நீங்கள் அனுப்பிய காகிதங்களிலேயே பயணத் திட்டம் என்று சொல்லத்தக்கது அந்த ஒரு வாக்கியம்தான்.

நான் இவ்வளவு கடுமையாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கணவர் செய்யப்போவதை நான் ஏற்கெனவே செய்திருக்கிறேன்.

என் மகளுக்கு அப்போது 14 வயது. ஆம்ஸ்டர்டாமில் மூன்று நாட்கள் இருந்தோம். ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் இரண்டாவது மாடியில் ஒரு நீண்ட கூடம் இருக்கிறது. அதன் கோடியில், நேர் எதிரே தெரியும்படி, ரெம்பிராண்ட் 1642இல் வரைந்து முடித்த 'இரவுக் காவல்' மாட்டப்பட்டிருக்கிறது. அதன் அகலம் நான்கு மீட்டருக்கும் மேல். கூட்டம் முழுவதும் அதை நோக்கித்தான் போகும், நானும் போனேன். திரும்பிப் பார்த்தால் மகள் கூட இல்லை. வந்த வழியிலேயே, பக்கத்தில் இருந்த ஒரு சிறிய படத்தின் முன் நின்றுவிட்டிருந்தாள். வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்'. 45 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம், நம் வீட்டுச் சாமிப் படத்தின் அளவுதான் இருக்கும். மஞ்சள் ரவிக்கையும் நீல ஏப்ரனும் அணிந்த ஒரு சமையல்காரப் பெண் சட்டியில் பாலை ஊற்றிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான் படம்.

மூன்றரை மணிக்குக் கால்வாய்ப் படகுக்குச் சீட்டு வாங்கி வைத்திருந்தேன். இருபது நிமிடம் பொறுத்தேன். பிறகு போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "வா, நேரமாகிறது" என்று இழுத்தேன். அவள் எதிர்ப்பு எதுவும் காட்டவில்லை. நடந்துகொண்டே, "அப்பா, அந்தச் சுவரில் ஓர் ஆணி இருக்கு. அதுக்கு நிழலும் போட்டிருக்கார்" என்றாள். நான் சரி சரி என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படகில் ஒரு மணி நேரம் போனோம். அவள் வெளியே பார்க்கவில்லை, எதுவும் பேசவுமில்லை. எனக்கும் அந்தப் படகிலிருந்து பார்த்த எதுவும் நினைவில் இல்லை.

ஊர் திரும்பிப் பல மாதங்கள் கழித்து, ஒரு நண்பர் வீட்டில் அந்தப் படத்தின் நல்ல அச்சு ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. தேடினேன். அந்தப் பெண்ணின் பின்னால் இருப்பது வெறும் சுண்ணாம்புச் சுவர். அதில் ஓர் ஆணி அடிக்கப்பட்டிருக்கிறது, ஆணியின் கீழே மெல்லிய நிழல் சாய்ந்திருக்கிறது. வேறு இடங்களில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள். இடப்பக்கச் சன்னலில் ஒரு கண்ணாடிச் சில்லு உடைந்திருக்கிறது. மேசைமேல் இருக்கும் ரொட்டியின் மேலோட்டில் வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கிறது. தரையில் காலுக்குச் சூடு காட்டும் சின்ன மரப்பெட்டி ஒன்று. ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க அச்சில் பார்த்த எனக்கே அரை மணி நேரம் ஆயிற்று. என் மகள் அசல் படத்தின் முன், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள். வெர்மீர் வரைந்தவை என்று இன்று அறியப்படுபவை மொத்தமே ஏறத்தாழ 35 படங்கள்தான். அவ்வளவு மெதுவாக வேலை செய்த ஒருவரின் படத்தை இருபது நிமிடத்துக்கு மேல் பார்க்க என் குழந்தைக்கு நான் அனுமதி தரவில்லை.

இதற்கு என்னால் செய்ய முடிந்த பரிகாரம் ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை அவளை எழும்பூர் மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். அதை எங்கள் பாட்டி 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்வாள். பழைய சென்னைவாசிகள் பலருக்கும் அதுதான் பெயர். வெண்கலச் சிற்பக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார், 11ஆம் நூற்றாண்டுச் சோழர் படிமம். மூன்றே கைகள். வலது பக்கம், ஆண் பாதிக்கு, இரண்டு. இடது பக்கம், பெண் பாதிக்கு, ஒன்று. ஒரு பக்கம் உடை தொடையோடு நிற்கிறது, மறு பக்கம் கணுக்கால் வரை இறங்குகிறது. இரண்டு பாதிகளும் சேரும் நடுக்கோடு எங்கே என்று தேடினால் கண்ணுக்கு அகப்படாது. அவள் அந்த ஒற்றை இடது கையை மட்டும் வரைய ஆரம்பித்தாள். நான் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டேன். காவலாளி இரண்டு முறை வந்து அவள் தாளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முதல் நான்கு முறையும் விரல்கள் கட்டையாக வந்தன, ஐந்தாவது முறை விரல்களை விட்டுவிட்டு மணிக்கட்டு வளைவிலிருந்து ஆரம்பித்தாள். அன்று நாங்கள் அங்கே வேறு எந்தச் சிலையையும் பார்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டு உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வாருங்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு முறை! பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால் நேராக எழும்பூர். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. அமராவதிச் சிற்பங்களும் சோழர் வெண்கலங்களும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் விமானம் ஏறி வந்து பார்க்கத்தக்க பொருட்களை ரயில் தூரத்தில் வைத்துக்கொண்டு, வரையத் துடிக்கும் ஒரு பெண்ணை ஐந்து ஆண்டுகளாக நீங்கள் அங்கே கூட்டிப்போகவில்லை என்பதை என்னால் எளிதாக விட்டுவிட முடியவில்லை. ஐரோப்பாவுக்குச் சேர்த்த பணத்தைக் குறை சொல்லவில்லை, போய் வாருங்கள். ஆனால் ஒரு பொருளின் முன் நின்று பார்க்கும் பழக்கம் விமானத்தில் ஏறியதும் வந்துவிடாது. மே மாதத்துக்குள் நான்கைந்து முறையாவது எழும்பூருக்குப் போயிருக்க வேண்டும். ஒருமுறை சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கும் போங்கள். கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் 1966இல் கடற்கரை மணலில் நிலம் வாங்கி, பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்ட இடம் அது. உங்கள் கணவரும் கூட வரட்டும்.

கணவர் கேட்ட டிசைன் கல்லூரிக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஒரு பெண் பார்க்கும் படத்தையெல்லாம் விண்ணப்பப் படிவத்தில் நிரப்புவதற்கான பொருளாக மாற்றினால், சீக்கிரமே அவளும் படங்களை அப்படித்தான் பார்ப்பாள். அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

அனிமே வரைவது கலையா என்று கேட்டீர்கள். வின்சென்ட் வான்கோ 1887இல் ஹிரோஷிகேயின் ஜப்பானிய மர அச்சுப் படங்கள் இரண்டைப் பார்த்து அப்படியே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பூத்த பிளம் மரத்தோட்டம் ஒன்று, மழையில் ஒரு பாலம் இன்னொன்று. தனக்கு வாசிக்கத் தெரியாத ஜப்பானிய எழுத்துகளைக்கூட ஓரங்களில் பார்த்து எழுதினார். அந்தப் படங்கள் அன்றைய ஜப்பானில் மலிவாக அச்சிட்டு விற்கப்பட்டவை. 27 வயதில்தான் ஓவியனாவது என்று முடிவு செய்தவர், 37 வயதில் இறந்துவிட்டவர், தன் காலத்துக் கடைச்சரக்கைப் பார்த்து வரைவதைக் கேவலமாக நினைக்கவில்லை. அந்த இரண்டு பிரதிகளும் இன்று ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. உங்கள் மகளுக்கு அவற்றைப் பற்றிச் சொல்லுங்கள், அவளுக்குத் தைரியமாக இருக்கும்.

ஆகவே, ஆம்ஸ்டர்டாம். நான்கு நாட்களுக்கு அந்த ஊர்தான் பொருத்தம். ரைக்ஸ், வான்கோ, ஸ்டெடலெக் என்று மூன்று அருங்காட்சியகங்களும் ஒரே மைதானத்தைச் சுற்றி இருக்கின்றன, அலைச்சல் இல்லை. ரைக்ஸ் ஆண்டு முழுவதும் விடுமுறையின்றிக் காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறது, திறக்கும்போதே போய்விடுங்கள். வான்கோ அருங்காட்சியகத்துக்கு இணையத்தில் நேரம் குறித்து முன்பதிவு செய்தால்தான் உள்ளே விடுவார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரண்டிலும் கட்டணம் இல்லை. ஆனால் வான்கோவில் அவள் பெயருக்கும் நேரம் பதிவு செய்ய மறக்காதீர்கள். ரைக்ஸில் பென்சிலால் வரையலாம். படம் எடுப்பதை விட்டு வரையுங்கள் என்று 2015இல் அவர்களே பார்வையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு சின்ன நோட்டும் இரண்டு பென்சிலும் அவள் பையில் இருக்கட்டும். போய்ச் சேரும் நாளில் எங்கும் போகாதீர்கள். மே மாதக் கடைசியில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், கால்வாய் ஓரம் நடந்துவிட்டு வந்து தூங்குங்கள். இரண்டாம் நாள் ரைக்ஸ், மூன்றாம் நாள் வான்கோ. நான்காம் நாளை எழுதாமல் விட்டு வையுங்கள். இரண்டில் எதற்கு மறுபடி போக வேண்டும் என்று அவள் சொல்லட்டும், அல்லது எதற்கும் வேண்டாம் என்று சொல்லட்டும். எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது என்று பேசிவிட்டு நீங்கள் இருவரும் கீழே காப்பி குடிக்கப் போய்விடுங்கள். அவள் பின்னால் நிற்காதீர்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். கால்வாய்ப் படகுக்கு முன்கூட்டியே சீட்டு வாங்கவே வாங்காதீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமையே எழும்பூருக்குப் போக முடியும் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் அங்கே விடுமுறை. வெண்கலக் கூடத்தில் எந்தச் சிலை என்று நீங்கள் சொல்ல வேண்டாம், அவளே நின்றுகொள்வாள். இந்தப் பதிலை இப்போதைக்கு அவளிடம் காட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆணியை அவள் தானாகப் பார்க்க வேண்டும்.

அன்புடன்