யூடியூபில் கேட்கக்கூடிய பாட்டுக்காக, பணம் செலவழித்து அமெரிக்க இசைத் திருவிழாக்களுக்கு ஏன் செல்கிறார்கள்?

பெரிய பாடகர் ஒருவரை மட்டும் பார்ப்பதற்காகச் செல்வதென்றால் உங்கள் கேள்வி நியாயமானதே. கூட்டத்தின் கடைசியில் நின்று, விரல் உயரத்தில் தெரிபவரை விட்டுவிட்டு மேடையோரத் திரையைப் பார்ப்பதற்கு வீட்டுத் தொலைக்காட்சியே மேல். ஹூஸ்டனிலிருந்து காரில் நியூ ஆர்லியன்ஸ் சென்று, உள்ளூர்க்காரர்கள் ஜாஸ் ஃபெஸ்ட் என்று அழைக்கும் விழாவை நேரில் காணும்வரை நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் கொட்டடித்து ஆடிய, அந்நகரின் காங்கோ சதுக்கத்தில் 1970-ல் தொடங்கிய இவ்விழா, 1972 முதல் குதிரைப் பந்தய மைதானத்தில் நடைபெறுகிறது. ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் வரும் இரு வார இறுதிகளையொட்டி, காலை 11 மணியிலிருந்து மாலை 7 மணிவரை பல மேடைகளில் ஒரே நேரத்தில் கச்சேரிகள் நடப்பதால், எதைக் கேட்பது என்பதைவிட எதை விடுவது என்பதே பெரும்பாடு.

நான் முதலில் நுழைந்தது காஸ்பல் என்னும் கிறிஸ்தவ பக்தி இசைக்கான கூடாரத்தில், அதுவும் வெயிலுக்கு ஒதுங்குவதற்காக. தேவாலயப் பாடகர் குழு ஒன்று பாடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து அமர்ந்திருந்த மூதாட்டி, பல்லவி மூன்றாம் முறை திரும்பியபோது பையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து கைதட்டத் தொடங்கினார். பாட்டு முடியும்வரை அந்தப் பை என் கையில்தான் இருந்தது. முன்பின் அறியாதவரிடம் பையை ஒப்படைக்கும் அளவுக்கு ஒரு பாட்டு ஆளை இழுத்துச் செல்வதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிறகு ஸைடெகோ என்னும் லூசியானா நாட்டுப்புற இசை நடந்த மேடைக்குப் போனேன். அங்கே ஒருவர் நெளிநெளியான தகரத்தைக் கவசம்போல் மார்பில் மாட்டிக்கொண்டு, அதன்மேல் கரண்டிகளை உரசியே தாளம் போட்டார். ஒலிப்பதிவில் அக்கார்டியனுக்குப் பின்னால் அமுங்கிவிடும் அந்தக் கரகரப்பு, நேரில் கேட்கும்போதுதான் பாட்டையே தூக்கி நிறுத்துவது என்று புரிந்தது. ஆட்டத்துக்கென்றே பிறந்த இசை அது. முன்னால் ஆடுபவர்கள் சூடுபிடிக்கச் சூடுபிடிக்க வாசிப்பவர்களும் வேகம் கூட்டுகிறார்கள். வீட்டில் தனியாகக் கேட்பவருக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் கிடைப்பதில்லை.

எல்லா அமெரிக்க விழாக்களும் இப்படி என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் பாட்டைவிடப் படமெடுப்பதே முக்கியமாகிவிட்டது. ஜாஸ் ஃபெஸ்டிலும் நுழைவுச்சீட்டு மலிவில்லை, மழை பெய்தால் மைதானம் சேறாகிவிடும். செல்வதாக இருந்தால் பழைய காலணி அணிந்து, தொப்பியுடன் செல்லுங்கள். பெயர் தெரிந்த பாடகர்கள் பெரும்பாலும் மாலையில்தான் மேடையேறுவார்கள். அதுவரை கூடாரம் கூடாரமாக அலைவதற்குத் தாராளமாக நேரம் இருக்கிறது.