கேளுங்கள், சொல்கிறோம்: நாடு சுற்றும் பைக்கும் டைப் 1 சர்க்கரையும்

கேள்வி: என் தம்பிக்கு 9 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது, இப்போது அவனுக்கு 24. ஆளுக்கொரு பைக்கில் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போய் இந்த நோயைப் பற்றி எடுத்துச் சொல்ல ஆசை. “பைக்கில் ஊர் சுற்றினால் நோய் குறைந்துவிடுமா?” என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

பதில்: குறையாது என்றே சொல்லுங்கள். டைப் 1 வராமல் தடுக்க உங்களாலும் முடியாது, பெற்றோராலும் முடியாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருகிற நோய் அது. இனிப்பு தின்றதால் வந்தது என்று பிள்ளையையும் அம்மாவையும் குறை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்காகவே ஒரு பயணம் போகலாம்.

ஆனால் நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதைக் குறைக்க முடியும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், படுக்கையை நனைப்பதை விட்டுவிட்ட பிள்ளை மறுபடி நனைப்பது, காரணமில்லாமல் இளைப்பது, ஓயாத அசதி. இதையெல்லாம் ‘வளர்ற வயசு’ என்று தள்ளிப்போட்டால் வாந்தியும் வயிற்றுவலியும் மேல்மூச்சும் வந்து நிற்கும். அதையும் சாப்பாடு சேரவில்லை என்று நினைத்து ஒரு நாளைக் கடத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்த அறிகுறிகளைப் பார்த்தால் அன்றைக்கே பாருங்கள் என்பதுதான் நீங்கள் சொல்ல வேண்டிய ஒரே செய்தி.

வேறொரு நோய்க்காகக் கிளம்பிய பயணத்தில் நானும் ஒருமுறை ஒட்டிக்கொண்டு போனேன். பக்கப் பெட்டியில் எட்டு வரி ஸ்டிக்கர், பொடிப் பொடி எழுத்து. வண்டி நின்றதும் கூட்டம் கூடும், எத்தனை சிசி, என்ன மைலேஜ், டேங்க் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்பார்கள், நாங்களும் உற்சாகமாகப் பதில் சொல்வோம், அப்புறம் டாட்டா காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவோம். நோயின் பெயர்கூடப் பல இடங்களில் வெளியே வரவில்லை! அதனால் மைலேஜ் கேள்விக்குப் பதில் சொன்ன கையோடு “உங்க வீட்டில் குழந்தைகள் இருக்காங்களா?” என்று கேட்டுவிடுங்கள். ஸ்டிக்கரில் நாலே சொல் போதும். ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போட்டால் நின்று பேச நேரமிருக்காது.

கோடியைத் தொடுவதைவிடச் செய்தி போய்ச் சேர்வதே முக்கியம். 1980இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டச் செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்கே ஓடிக் கடக்கக் கிளம்பிய டெர்ரி ஃபாக்ஸ், 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. மறுகோடியை அவர் தொடவேயில்லை. அவர் பெயரில் இன்றும் பல நாடுகளில் ஆண்டுதோறும் ஓடிப் பணம் திரட்டுகிறார்கள்.

கேள்வி: (அதே வாசகர்) தம்பி இவ்வளவு தூரம் ஓட்டலாமா? இன்சுலினை எப்படிக் கொண்டுபோவது?

பதில்: ஓட்டலாமா என்பதை அவனுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், முதலில் அவரைப் பாருங்கள். சரி என்றால் மேலே படியுங்கள்.

பயப்பட வேண்டியது லோ சுகருக்கு, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவதற்கு. கை நடுங்கும், வியர்க்கும், கவனம் சிதறும். வீட்டில் என்றால் உடனே தெரிந்துவிடும். ஜாக்கெட்டுக்குள் எப்படியும் வியர்க்கிறது, மூன்று மணி நேரம் ஹேண்டில்பாரைப் பிடித்த கை எப்படியும் அதிர்கிறது, அப்புறம் எதை வைத்துக் கண்டுபிடிப்பான்? அதனால் உடம்பை நம்பாமல் சர்க்கரை பார்க்கும் மீட்டரை நம்பச் சொல்லுங்கள். இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்கு பிரிட்டனில் உள்ள முறை நல்ல முறை: கிளம்பும் முன் ஒருமுறை, பிறகு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், சர்க்கரை 90க்குக் (மி.கி./டெசிலிட்டர்) கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும், 70ஐத் தொடும் அளவுக்கு இறங்கிவிட்டால் ஓட்டவே கூடாது, சர்க்கரை சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். குளுக்கோஸ் அவன் ஜாக்கெட் பையில் இருக்கட்டும், பூட்டிய பெட்டிக்குள் வேண்டாம். இன்னொன்று, பழம் உரித்த கையோடு விரலைக் குத்தினால் மீட்டர் ஏற்றிக் காட்டும். கையைக் கழுவிவிட்டுப் பார்க்கணும்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பென் (பேனா போன்ற ஊசி), பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குள் நாலு வாரம் தாங்கும், பெட்டிக்குள் இருக்கும் தாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடு ஏறுகிற டேங்க் பையும் வெயிலில் காய்கிற பக்கப் பெட்டியும் இதற்கு ஆகாது. தண்ணீரில் நனைத்து எடுக்கும் குளிர்பை கிடைக்கிறது, அது போதும். ஐஸ் கட்டிமேல் நேராக வைத்துவிடாதீர்கள், ஒருமுறை உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். மொத்தத்தையும் ஒரே பையில் வைக்காமல் பாதியை உங்கள் வண்டியில் வையுங்கள். ஒரு வண்டி விழுந்தாலும் மருந்து மிஞ்சும்.

கேள்வி: வழியில் நன்கொடை வாங்கினால் அதில் பெட்ரோல் போடலாமா?

பதில்: வேண்டாம். போட்டே தீரவேண்டும் என்றால் கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாங்குங்கள். கையில் வாங்குவதைவிட, நோயாளிகளுக்கு உதவும் அமைப்பு ஒன்றின் கணக்கு எண்ணை எழுதிக் காட்டி நேரே அனுப்பச் சொல்வது உங்களுக்கும் நிம்மதி. உங்கள் பெட்ரோலும் டயரும் உங்கள் செலவு.