பாடன் கணக்கு

ஐயா, 1291இல் ஊரி, ஷ்வீஸ், உண்டர்வால்டன் என்ற மூன்று மலைப் பகுதிகளும் உறுதிமொழி எடுத்த அன்றே சுவிட்சர்லாந்து பிறந்துவிட்டது என்கிறார்கள். அப்படியானால் அரசியலமைப்புக்கு 1848 வரை ஏன் காத்திருந்தார்கள்? மதத்தால் பிரிந்தவர்களை ஒன்றாக்கிய தலைவர் யார்?
— எஸ்.

அன்புள்ள எஸ்.,

சில நாட்களாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். தலைவர் யார் என்ற கேள்வியை முதலில் தூக்கிப் போடுங்கள். எங்கே போனாலும் ஒரு தலைவரைத் தேடும் இந்தப் பழக்கம் நம்மை வரலாறு படிக்கவே விடாது.

1291 சாசனம் தேசம் அமைக்க எழுதியதல்ல. தாக்கினால் துணைக்கு வருவோம், வெளியூர் நீதிபதியை ஏற்கமாட்டோம் என்பதுதான் அதன் சாரம். 1353இல் கான்டன்கள், அதாவது தம்மைத் தாமே ஆண்ட இந்தச் சின்ன மாநிலங்கள், எட்டாயின. அப்போதும் எட்டும் சேர்ந்து ஒரே தாளில் ஒப்பமிடவில்லை. பேர்ன் நேரடியாகக் கைகோத்தது மலைக் கான்டன்கள் மூன்றோடு மட்டுமே; சூரிக்கோடு ஒப்பந்தம் போட 1423 ஆகிவிட்டது.

இவர்களைச் சேர்த்துக் கட்டியது கணக்குப் புத்தகம். இதை யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. 1415இல் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் வசமிருந்த ஆர்கா பகுதியைப் பிடித்தார்கள். மேற்குப் பகுதியை பேர்ன் எடுத்துக்கொண்டது. அதிலிருந்த பாடன் வட்டாரத்தைப் பங்கு போடாமல் பொதுவில் வைத்தார்கள். அதற்கு அதிகாரியை ஒவ்வொரு கான்டனும் முறைவைத்து, இரண்டிரண்டு ஆண்டுக்கு அனுப்பும். ஆண்டுதோறும் பிரதிநிதிகள் பாடனில் கூடி அவருடைய வரவுசெலவைச் சரிபார்ப்பார்கள். பாகம் பிரிக்காத நிலம் இருந்தால் பேசாத அண்ணன் தம்பியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? 1529 முதல் 1712 வரை கத்தோலிக்கக் கான்டன்களும் புராட்டஸ்டன்ட் கான்டன்களும் மதத்தின் பேரால் நான்கு முறை படை திரட்டினார்கள், தனித்தனிச் சபைகள்கூட நடத்தினார்கள். ஆனாலும் பொது நிலத்தின் கணக்கு பார்க்க இரு தரப்பும் வந்தாக வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாட்டில் ஓட்டையும் இருந்தது. பிரதிநிதி தன் கான்டன் கொடுத்த கட்டளையோடு வருவார். அதில் இல்லாத பேச்சு எழுந்தால், "ஊரில் கேட்டுச் சொல்கிறேன்" என்று திரும்பிவிடுவார். பொது நிலம் தவிர மற்றவற்றில் பெரும்பான்மை முடிவு பொதுவாக யாரையும் கட்டுப்படுத்தாது. 1798இல் பிரெஞ்சுப் படை நுழைந்தபோது சேர்ந்து எதிர்க்க முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். பிரான்ஸ் திணித்த ஒற்றையாட்சியும் ஐந்தே ஆண்டில் கவிழ்ந்தது. 1803இல் நெப்போலியனே கான்டன்களைத் திருப்பிக் கொடுத்தார்.

1847 நவம்பரில் ஏழு கத்தோலிக்கக் கான்டன்களின் தனிக்கூட்டு மற்றக் கான்டன்களோடு நடந்த போரில் தோற்றது. மறு ஆண்டு வந்த அரசியலமைப்பு சுங்கம், தபால், நாணயம் மூன்றையும் மத்திய அரசுக்குக் கொடுத்தது. மேலவையில் கான்டனுக்கு இருவர், அரைக் கான்டனுக்கு ஒருவர். கூடவே ஒரு சின்ன விதி, நீங்கள் கேட்ட 1848இன் பதில் அதில்தான் இருக்கிறது: இரு அவைகளின் உறுப்பினர்களும் எவர் கட்டளையும் இல்லாமல் வாக்களிப்பார்கள்.