ரெண்டு பழைய பென்ஸ், எதுல காசு போடலாம்?

கேள்வி: 1983 மாடல் பென்ஸ் 240டி (டபிள்யூ123) ஒண்ணு, 2004 ஈ கிளாஸ் (டபிள்யூ211) ஒண்ணு, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வருது. தினசரி ஓட்ட வேற வண்டி இருக்கு, இது லீவு நாளுக்குத்தான். சேமிப்புல இருந்து எடுக்கப்போறேன், எது நல்ல முதலீடு சார்?

பதில்: முதலீடுங்கற வார்த்தைய மொதல்ல விட்டுருங்க, ரெண்டுமே செலவுதான், விக்கும்போது எவ்வளவு திரும்பி வரும்ங்கறதுதான் கணக்கு.

2004 வண்டி இவ்வளவு கம்மியா வருதுன்னா சும்மா இல்ல. அதுல எஸ்பிசின்னு எலக்ட்ரானிக் பிரேக், நீங்க எத்தன தடவ பெடல மிதிக்கிறீங்கன்னு அந்த யூனிட்டே எண்ணிக்கிட்டு இருக்கும், ஒரு அளவ தாண்டினா டேஷ்போர்டுல வார்னிங் வந்துரும், அப்புறம் யூனிட்டுக்கு செலவு பண்ணித்தான் ஆகணும். 2006 ஃபேஸ்லிஃப்ட்ல, அதாவது அதே மாடல கொஞ்சம் மாத்தி விட்டப்போ, கம்பெனியே அத தூக்கிட்டு சாதா ஹைட்ராலிக் பிரேக்குக்கு திரும்பிட்டாங்கன்னா பாத்துக்கோங்க. ஏர் சஸ்பென்ஷன் வேற இருந்தா ராத்திரி நிமிந்து நின்ன வண்டி காலைல ஒரு பக்கமா உக்காந்திருக்கும். வாங்குறது குதிர விலை, தீனி யானைக்கு.

240டில இந்த கூத்தெல்லாம் கெடையாது. சாவிய ஆஃப் பண்ணியும் இன்ஜின் ஓடிட்டே இருந்தா பயந்துடாதீங்க, இந்த டீசல் இன்ஜின நிறுத்துறதே வேக்கம், அதாவது காத்து உறிஞ்சுற இழுப்புதான், அது வரலன்னா பெரும்பாலும் எங்கயாவது சின்ன ரப்பர் குழாய் லீக்கா இருக்கும். டபிள்யூ123 கிட்டத்தட்ட 27 லட்சம் வண்டி செஞ்சிருக்காங்க, அதனால பார்ட்ஸுக்கும் ரொம்ப அலைய வேண்டாம். ஆனா 72 குதிரத்திறன்தான், மேடு ஏறும்போது பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிப்பான்.

இதோட எமன் துரு. நானே ஒரு தடவ பளபளன்னு பெயிண்ட் அடிச்ச பழைய வண்டிய பாத்து மயங்கி வாங்கிட்டேன், மொத பஞ்சருக்கு ஜாக் போட்டா வண்டி தூக்கல, ஜாக் மட்டும் உள்ள போகுது! இன்ஜின் வேலைக்கு ஒரு மெக்கானிக் முன்கூட்டியே தொகை சொல்லிடுவான், துருவுக்கு வெட்டிப் பாத்தாதான் தெரியும். அதனால ஜாக் பாயிண்ட், வீல் ஆர்ச், கார்பெட்டுக்கு அடியில, எல்லாத்தையும் கைவச்சு அழுத்திப் பாருங்க, ஒரு காந்தம் எடுத்துட்டு போங்க, ஒட்டலன்னா உள்ள பட்டிதான்.

லீவு நாளுக்குன்னா என் ஓட்டு 240டிக்கு, துரு இல்லன்னா மட்டும். வாங்குற விலைல மூணுல ஒரு பங்க ரிப்பேருக்குன்னு தனியா வைங்க. அது சேமிப்புல மிச்சம் இல்லன்னா இந்த வருஷம் வாங்காதீங்க.