நோட்டில் ஏறிய 140 புத்தகங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மூன்று வருடங்களாகத்தான் படிக்கிறேன். ஒரு நோட்டு போட்டு, முடித்த புத்தகங்களுக்கு வரிசை எண் கொடுத்து, பிடித்த வரிகளையும் குறித்து வைக்கிறேன். 140 தாண்டிவிட்டது. ஆனால் முன்பிருந்த சந்தோஷம் இல்லை. டீக்கடையில் நண்பர்கள் பேசுவது சலிப்பாக இருக்கிறது. “புக்கைத் தொட்டதிலிருந்து நீங்க ஆளே மாறிட்டீங்க” என்கிறாள் மனைவி.

போன மாதம் பெரியப்பா இறந்துவிட்டார். என்னை வளர்த்தவர். தினமும் காலையில் பெரியம்மாவுக்குப் பேப்பரை உரக்கப் படித்துக்காட்டுவார். அவர் உடலருகே நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. ஒரு நாவலில் வரும் சாவு வீடுதான் ஞாபகம் வந்தது. இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. வாசிப்பு மனிதனின் சந்தோஷத்தைக் கூட்டுமா, குறைக்குமா?

எஸ்., திருப்பூர்

*

அன்புள்ள எஸ்.,

பெரியப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள்.

அழுகை வராததற்குப் புத்தகத்தின்மேல் பழி போடாதீர்கள், உங்கள்மேலும் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு வரிகூடப் படிக்காதவர்களுக்கும் அது நடக்கிறது. பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் பஸ் ஏறிப் போன பிறகு, கொடியில் கிடந்த ஒரு துண்டைப் பார்த்து உடைந்துபோனவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் ஒப்பிட்டுக்கொண்டு நின்றேன் என்கிறீர்களே, அதைக் கேட்டதும் எனக்கு ஜான் ஸ்டூவர்ட் மில் நினைவுக்கு வந்தார். 1806-இல் லண்டனில் பிறந்த தத்துவவாதி. மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன் என்று அப்பாவே கற்றுக்கொடுத்தார். வேலை செய்யும் பழக்கம் விட்டுப்போகும் என்று விடுமுறையே கிடையாது. சிறுவன் படிக்கும்போதே துண்டுத் தாள்களில் குறிப்பெடுப்பான். மறுநாள் காலை அப்பாவோடு நடக்கப் போகும்போது அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு படித்ததை ஒப்பிக்க வேண்டும். உங்கள் நோட்டைப் பற்றி வாசித்தபோது இந்தத் துண்டுத் தாள்கள்தான் என் கண்முன் வந்தன.

20 வயதில், 1826-இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலையில் இருந்த அந்த இளைஞர் தன்னைத் தானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். ‘நீ விரும்பும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த நிமிடமே நிறைவேறிவிட்டால் உனக்குச் சந்தோஷமாக இருக்குமா?’ இருக்காது என்று மனம் சொன்னது. அதோடு எல்லாம் சரிந்துவிட்டது. அதுவரை தெம்பு தந்த பிரியமான புத்தகங்களை எடுத்துப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. எதையும் பிரித்துப் பிரித்து ஆராயும் பழக்கமே தன் உணர்ச்சிகளை அரித்துவிட்டது என்று அவர் நம்பினார். மாதக்கணக்கில் அந்த இருட்டிலேயே கிடந்தார்.

அவரை முதலில் அசைத்ததும் ஒரு சாவுக் காட்சிதான். மார்மான்டெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளைத் தற்செயலாகப் படித்துக்கொண்டிருந்தார். அதில் மார்மான்டெலின் அப்பா இறந்துவிடுகிறார், குடும்பமே தவித்து நிற்கிறது. சிறுவனாக இருக்கும் மகன், இனி உங்களுக்கு எல்லாமாக நான் இருப்பேன் என்று தேற்றுகிறான். அந்த இடத்தில் மில்லுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் கல்லாகிவிடவில்லை என்று தெரிந்ததில் அவருக்குப் பாரம் குறைந்தது. பிறகு 1828-இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் அவரை மேலும் தேற்றின. எந்த மனிதரும் பங்குபோட்டுக்கொள்ளக்கூடிய ஒரு மகிழ்ச்சியை அவற்றில் கண்டதாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அவர் பட்ட பாட்டுக்கு இன்று மனச்சோர்வு என்று பெயர். அதற்குப் புத்தகம் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தூக்கமும் பசியும் போயிருந்தால் முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் ஊர் கடையநல்லூர் பக்கம். மத்தியானச் சோறு முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்கள் பீடித் தட்டோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அத்தை எட்டாவது வரை படித்தவள். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதையை அவள் படிப்பாள், மற்றவர்கள் இலையை வெட்டிக்கொண்டும் சுற்றிக்கொண்டும் கேட்பார்கள். படிக்கிற நேரத்தில் அத்தையின் கை சும்மா இருக்கும் அல்லவா? ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றி அவள் கணக்கை நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். கூலியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துக் கதை கேட்டவர்கள் அவர்கள்.

ஒருநாள் கதையில் குழந்தை இறக்கும் இடம் வந்தது. அத்தைக்குச் சட்டென்று உறைத்து, படிப்பதை நிறுத்திவிட்டாள். எதிரே இருந்தவளுக்குப் பிள்ளை போய் இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “நிப்பாட்டாத, படி” என்றாள். படித்து முடித்ததும் தன் பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். காய்ச்சல் கண்ட நாளிலிருந்து ஒவ்வொன்றாக, விளக்கு வைக்கும்வரை. அதற்கு முன்னால் அவள் அதைப் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. அவளுக்குக் கிடைத்ததைச் சந்தோஷம் என்று சொல்லலாமா என்று எனக்கு இன்றும் யோசனைதான். ஆனால் மறுநாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

நாவலின் சாவு வீடு உங்களுக்கு ஞாபகம் வந்ததில் தவறே இல்லை. அதை நோட்டில் ஏற்றும் பழக்கம் உங்களை அங்கேயும் பரிசோதகராக நிற்க வைத்துவிட்டது, அவ்வளவுதான். கொஞ்ச நாள் அந்த நோட்டை மூடி வையுங்கள். 141 என்று எண் போடாமல் ஒரு புத்தகத்தைப் படித்துப் பாருங்கள். பிடித்த இடத்தை எழுதி வைப்பதற்குப் பதிலாக மனைவியிடம் சொல்லுங்கள்.

டீக்கடை விஷயத்தில் நான் உங்கள் நண்பர்கள் பக்கம். படிக்க ஆரம்பித்த புதிதில் மற்றவர்கள் எல்லாம் சின்னவர்களாகத் தெரிவார்கள். எனக்கும் தெரிந்தார்கள். அதற்காக நான் இழந்த ஒரு சிநேகிதனை இன்றுவரை திரும்பப் பெற முடியவில்லை. நீங்கள் இழந்துவிடாதீர்கள்.

கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள், பெரியப்பா தினமும் பேப்பர் படித்துக்காட்டுவார் என்று. இந்த ஒரு மாதமாகப் பெரியம்மாவுக்கு யார் படிக்கிறார்கள்? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பேப்பரை வாங்கிக்கொண்டு அங்கே போங்கள். பெரியப்பா எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவார் என்று பெரியம்மாவிடமே கேளுங்கள்.

அன்புடன்.