வாசகர் கேள்வி – பதில்: எத்தனை கிலோவாட் சோலார் போடுவது?

கேள்வி: சென்ற ஓராண்டின் ஆறு மின் பில்களைக் கூட்டினால் 3,840 யூனிட் வருகிறது. வீட்டைப் பார்க்க வந்த சோலார்காரர் 5 கிலோவாட் போட்டால்தான் போதுமாக இருக்கும் என்கிறார். மாடிக்குத் தெற்கே இரண்டு தென்னைகள் நிற்கின்றன. எங்களுக்கு உண்மையில் எவ்வளவு தேவை?
– வாசகி, ஆனைமலை

பதில்: கோடையில் வந்த ஒரே பில்லை வைத்துக் கணக்குப் போடாமல் ஆறையும் கூட்டினீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், ஆண்டுக்கு 600 யூனிட்டுக்கு நீங்கள் காசு கட்டுவதே இல்லை. அதையும் ஈடுகட்டச் சோலாருக்குப் பணம் போடுவது வீண். மீதி 3,240 யூனிட்தான் உங்கள் இலக்கு.

நம் பகுதியில் 1 கிலோவாட் பேனல், ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,460 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் உங்களுக்குத் தேவை 2.2 கிலோவாட். 540 வாட் பேனல் நான்கு போட்டால் 2.16 கிலோவாட் ஆகும். தூசி, நிழல், ஆண்டுதோறும் சிறிது குறையும் திறன் ஆகியவற்றுக்கு இடம் விட்டு ஐந்தாகப் போடுங்கள். 5 கிலோவாட் என்பது உங்கள் தேவைக்கு இரு மடங்குக்கும் மேல். மத்திய அரசின் சூரிய வீடு திட்ட மானியமும் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்று உயர்ந்து அதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போடும் ஒவ்வொரு பேனலும் முழுக்க உங்கள் கைக்காசு.

பேனலில் 540 வாட் என்று எழுதியிருப்பது, பேனலின் சூடு 25 டிகிரியாக இருக்கும்படி ஆய்வகத்தில் அளந்த கணக்கு. சித்திரை வெயிலில் மாடியில் கிடக்கும் பேனல் 60 டிகிரியைத் தொடும்போது, அதில் எட்டில் ஒரு பங்கை இழந்துவிடும். வெயில் கொளுத்துகிற நாளில்தான் மின்சாரம் அதிகம் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். மாசி, பங்குனியின் தெளிந்த வானமே நல்ல அறுவடைக் காலம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் ஏறி வரும் உங்கள் பக்கத்தில் உற்பத்தி படுத்துவிடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். 4 யூனிட் என்ற சராசரியில் அதுவும் அடக்கம்.

இனித் தென்னைக்கு வருவோம். பேனலுக்குள் இருக்கும் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்தவை என்பதால், ஒரே ஒரு மட்டையின் நிழல் குறுக்கே விழுந்தாலும் அது மறைக்கும் பரப்பைவிட இழப்பு பெரிதாக இருக்கும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது, மாடித் தளத்துக்கு மேல் 15 அடி உயர்ந்து நிற்கும் மரம் நண்பகலிலேயே வடக்கே சுமார் 10 அடிக்கு நிழல் போடும்; காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். மார்கழியில் ஒரு நாள் காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை மணிக்கொருமுறை நிழலின் ஓரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து வையுங்கள்; கோடு படாத இடத்தில் மட்டும் பேனலை, தெற்கு நோக்கி ஏறத்தாழ 11 டிகிரி சாய்வில் நிறுத்தச் சொல்லுங்கள். கழுவுவதற்குப் போர்த் தண்ணீர் வேண்டாம். வெயிலில் காய்ந்ததும் உப்புப் படலம் வெள்ளை வெள்ளையாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: சோலார் போட்ட பிறகும் கரண்ட் போனால் வீடு இருட்டாகிறதே, ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், பல்லடம்

பதில்: இல்லை. பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும், பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் லைனில் வேலை பார்க்கும் ஊழியர் மீது உங்கள் மாடியின் மின்சாரம் பாயும். வாங்கும்போதே இதைச் சொல்லாமல் விட்டதுதான் அவர்கள் பிழை.