நத்தார் அன்று லண்டன் பார்க்கப் புறப்படும் தம்பிக்கு

தம்பி, வந்து நான்கு மாதம், கிழக்கு லண்டன் இல்போர்டில் வாடகை வீடு, ஏழு வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள், யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்க வந்திருக்கும் அம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். டிசம்பர் 25ஆம் திகதி நத்தார், அதாவது கிறிஸ்மஸ், எல்லோருக்கும் விடுமுறை என்பதால் அன்றைக்கே குடும்பமாக லண்டன் நகரைச் சுற்றிப் பார்க்கலாமா, கார் கொண்டு போகலாமா, எங்கே சாப்பிடலாம், எங்கே மலிவாக உடுப்பு வாங்கலாம் என்பவை உங்கள் கேள்விகள்.

முதலில் அந்தத் திகதியை மாற்றுங்கள். நத்தார் அன்று லண்டனில் நிலக்கீழ் ரயில் கிடையாது, பஸ் கிடையாது, உங்கள் வீட்டுப் பக்கம் வரும் எலிசபெத் பாதை ரயிலும் கிடையாது. குறைவாக ஓடும் என்று நினைக்காதீர்கள், ஒன்றுமே ஓடாது. அதற்கு முதல் நாள் மாலையிலேயே சேவைகள் வழக்கத்தைவிட நேரத்தோடு முடிந்துவிடும். 26ஆம் திகதி சில பாதைகள் திறக்கும், சிலவற்றில் தண்டவாள வேலை நடக்கும். பிரிட்டிஷ் மியூசியம், இயற்கை வரலாற்று மியூசியம், அறிவியல் மியூசியம் மூன்றும் 24, 25, 26 மூன்று நாளும் பூட்டு. மூன்று வயதுப் பிள்ளையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கு வாசலில் இறங்கினால் தெருமுனைக்கு அப்பால் போக வழியில்லை.

இதைப் புதிதாக வருபவருக்கு யாரும் சொல்வதில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் ஈஸ்ட்ஹாமில், நான்கு பேர் படுக்கும் ஓர் அறையில் இருந்தேன். பொப்லர் பக்கம் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. நத்தார் காலைக்கு என்னைப் போட்ட முதலாளி எங்கள் ஆள்தான். பல வருடம் இந்த ஊரில் இருந்தவர், அன்று பஸ் ஓடாது என்பது அவருக்குத் தெரியும். ஒரு சொல் சொல்லவில்லை. இருட்டோடு புறப்பட்டு, பஸ் தரிப்பிடத்தில் நின்று பார்த்துவிட்டு, பிளேஸ்டோ, கானிங் டவுன் தாண்டி நடந்தே போனேன். கடைகள் பூட்டு, தெருவில் ஒரு மனிதர் இல்லை, தூறல் நிற்கவே இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த சப்பாத்து, தையல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. பிந்தி வந்ததற்காக ஒரு மணி நேரச் சம்பளத்தையும் அவர் வெட்டிக்கொண்டார். முன்னால் வந்த நம்மவர்களில் சிலருக்கு இந்தக் குணம் இன்னும் இருக்கிறது. தாங்கள் பட்டதை அடுத்தவரும் பட்டால்தான் அவர் தகுதியானவர் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடுத்தது வெளிச்சம். டிசம்பர் கடைசியில் இங்கே காலை எட்டு மணியளவில்தான் விடிகிறது, மாலை நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுகிறது. ஊரில் செய்வதுபோல ஆறுதலாகச் சமைத்து, சாப்பிட்டு, பகல் ஒரு மணிக்குப் புறப்படும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று மணிநேரம்கூட அவர்களுக்குப் பகல் கிடைப்பதில்லை. ஒன்பதரைக்காவது வீட்டைவிட்டு வெளியே நில்லுங்கள். வெண்பனி கொட்டும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். லண்டனில் நத்தார் சமயத்தில் பெரும்பாலும் மழைதான். எலும்புக்குள் இறங்கும் ஈரக் குளிர் அது. ஒரே தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய உடுப்பு மேல், தண்ணீர் ஊறாத சப்பாத்து, மாற்றுக் காலுறை இரண்டு சோடி, இவை போதும். அம்மா சேலையோடு வரத்தான் விரும்புவார். வரட்டும். உள்ளே கம்பளிக் காலுறையும் வெப்ப உள்ளாடையும், காலில் செருப்புக்குப் பதிலாகச் சப்பாத்தும் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கார் வேண்டவே வேண்டாம். நத்தாரிலிருந்து புதுவருடம் வரை நகர மையத்துக்கான நெரிசல் கட்டணம் இல்லை என்பது உண்மைதான், நம்மவர்களிடம் அந்தச் செய்தி மட்டும் எப்படியோ வேகமாகப் பரவியிருக்கிறது. பழைய வண்டிகளுக்கான புகைக் கட்டணம் நத்தார் ஒரு நாள் தவிர வருடம் முழுவதும் உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை வண்டியை நிறுத்த இடம் இல்லாதது. பிள்ளைகள் பின் சீற்றில் அழ, அப்பா ஒரே தெருவைத் திரும்பத் திரும்பச் சுற்ற, அந்த நாள் அங்கேயே முடிந்துவிடும். உங்களுக்கு எலிசபெத் பாதை வாய்த்திருக்கிறது. 2022இல் திறந்தபோது, இது முன்பே இருந்திருந்தால் என் அம்மா வந்த காலத்தில் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அதன் நிலையங்கள் எல்லாவற்றிலும் தெருவிலிருந்து மேடை வரை படி ஏறாமல் போகலாம். பழைய நிலக்கீழ் நிலையங்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை. கொவென்ட் கார்டன் நிலையத்தில் லிப்டுக்குக் கூட்டம் என்று படியில் இறங்கினால் 193 படி. முழங்கால் வலியுள்ள அம்மாவை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ரயிலிலும் பஸ்ஸிலும் தட்டிப் பயணிக்கப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டை வேண்டும், வங்கி அட்டையோ ஓய்ஸ்டர் எனப்படும் பயண அட்டையோ. ஒரே வங்கி அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. பஸ்ஸில் 2014இலிருந்து காசு வாங்குவதில்லை. உங்கள் பிள்ளைகள் இருவரும் உங்களோடு வந்தால் இலவசம்.

நான் சொல்லும் நாள், பள்ளிக்கூடம் விட்ட பிறகு 24க்கு முன் வரும் ஒரு வாரநாள். இல்போர்டில் ஏறி டொட்டன்ஹாம் கோர்ட் றோட்டில் இறங்குங்கள். அங்கிருந்து பிரிட்டிஷ் மியூசியம் நடை தூரம். அனுமதி இலவசம், ஆனால் நேரத்தை முன்பே பதிந்துவிட்டுப் போங்கள். காலையில் சூடான இடத்தில் தொடங்குவது முக்கியம். எகிப்திய மம்மிகளைப் பார்த்தால் மூத்த பிள்ளை ஒரு மணி நேரம் கேள்வி கேட்கும். ஆந்திராவின் அமராவதிப் பௌத்தச் சிற்பங்களும் இங்கேதான் இருக்கின்றன, அம்மாவுக்கு அவற்றைக் காட்டுங்கள். திமிங்கில எலும்புக்கூடும் டைனோசரும் வேறு மியூசியம், இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான் நம்மவர்களைக் கெடுக்கிறது. படம் எடுக்க ஓடுகிறார்கள், பார்ப்பதில்லை.

மூன்றரை மணியளவில் பஸ்ஸில் ரீஜன்ட் வீதிக்கு வாருங்கள். மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். அம்மா படியேறச் சிரமப்பட்டால் அவரோடு ஒருவர் கீழே இருங்கள். அந்த வீதியின் நத்தார் விளக்குகள் 1954இல் தொடங்கியவை. அண்மைய வருடங்களில் சிறகு விரித்த தேவதைகளை வீதிக்கு மேலே கட்டுகிறார்கள். பஸ் ஊர்ந்துதான் போகும், ஊரட்டும், அந்த வேகத்தில்தான் விளக்குகள் தெரியும். ஒக்ஸ்போர்ட் சர்க்கஸ் சந்தியில் நடந்து திரிய வேண்டாம், பிள்ளையைத் தள்ளும் வண்டி நகராது.

முடிவில் ட்ரபால்கர் சதுக்கத்து மரம். இதைப் பற்றி நான் கொஞ்சம் எழுத வேண்டும். 1947இலிருந்து ஒவ்வொரு வருடமும் ஒஸ்லோ நகரம் இந்த மரத்தை லண்டனுக்கு அனுப்புகிறது. ஜெர்மனி நோர்வேயைப் பிடித்தபோது மன்னர் ஏழாம் ஹாக்கோன் 1940 ஜூனில் நாட்டை விட்டு வெளியேறி இங்கே வந்தார். அவரும் அவருடைய அரசும் போர் முடியும் வரை லண்டனில்தான் இருந்தார்கள். அந்த நாட்களுக்கான நன்றிதான் இந்த மரம். இருபது மீற்றருக்கு மேல் உயரம், நோர்வே வழக்கப்படி மேலிருந்து கீழாக நேர்கோட்டில் தொங்கும் வெள்ளை விளக்குகள், வேறு ஆடம்பரம் இல்லை. மரம் மெலிந்துபோய் நிற்கிறது என்று ஒவ்வொரு வருடமும் இங்கே சிலர் பரிகாசம் செய்வார்கள். எனக்கு அது கோபத்தைத் தரும். நாடிழந்து வந்த ஒருவருக்கு இடம் கொடுத்ததற்கு ஒரு நாடு இத்தனை தசாப்தம் மறக்காமல் நன்றி சொல்கிறது. அகதியாக வந்து இறங்கிய எனக்கு இந்த நகரத்தில் இதைவிட நெருக்கமான இடம் இல்லை. மாலையில் மரத்தடியில் தொண்டு நிறுவனங்களுக்காகப் பாடும் குழுக்கள் நிற்கும். அம்மாவுக்கு மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. நமக்கும் இது திருவெம்பாவைக் காலத்தை ஒட்டிய மாதம்தானே. என் மனைவி முதல் தடவை அந்தப் பாட்டைக் கேட்டபோது தனக்குள் திருவெம்பாவையின் "ஆதியும் அந்தமும் இல்லா" என்று முணுமுணுத்தாள்.

இருபது வருடமாக ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் இருந்துகொண்டு இந்த மரத்தைப் பார்க்காத நம்மவர்கள் நிறையப் பேர். 2009இல் ஊரில் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் இரவும் பகலும் நின்றோம். பலருக்கு இந்த நகரத்தின் நடுப்பகுதி அந்த நாட்களோடு மட்டும்தான் ஒட்டியிருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு வேறு ஞாபகமும் வேண்டும். அதற்காகவே என் பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்து வருடா வருடம் அங்கே கூட்டிப் போனேன். இப்போது அவர்கள் என்னைக் கூட்டிப் போகிறார்கள்.

திரும்புவதற்குச் சதுக்கத்திலிருந்து 24 அல்லது 29ஆம் இலக்க பஸ் உங்களை டொட்டன்ஹாம் கோர்ட் றோட் பக்கம் விடும். ஐந்தரைக்குள் ரயிலில் ஏறிவிட்டால் சின்னவர் மடியில் தூங்கிவிடுவார்.

ஹைட் பார்க் குளிர்காலக் கண்காட்சியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிக் காசு, இரண்டு பிள்ளைகளோடு போனால் பை காலியாகும். உங்கள் விருப்பம். சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, சுடுதண்ணீர்ப் போத்தலில் இஞ்சித் தேநீரும் எடுத்துப் போங்கள். உடுப்புக் கடைகள் எனக்குத் தெரியாது, அதை வேறு யாரிடமாவது கேளுங்கள்.

அம்மாவின் சப்பாத்தை இந்த வாரமே வாங்கி வீட்டுக்குள் போட்டு நடக்கப் பழக்குங்கள், புதுச் சப்பாத்து அன்றைக்குக் காலைக் கடிக்கும். அவருக்கு ஓய்ஸ்டர் அட்டை தனியாக வாங்க வேண்டாம். என்னிடம் மேலதிகமாக ஒன்று இருக்கிறது, நான் சனிக்கிழமைகளில் இல்போர்டுக்கு மரக்கறி வாங்க வருவேன், அப்போது தருகிறேன்.